கிரீஸ் கேட்காத புஷ்

ஃபோர்மேன் வீரமுத்து இரும்புத் தண்டு ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, மில் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றிருந்த செங்கமலத்தின் காலடியில் 'ணங்' என்று போட்டார்.

"பாரும்மா. நல்லா கண்ணத் தொறந்து பாரு. உன் புஷ்ஷு தின்னது போக மிச்சம் இதான்."

செங்கமலம் குனிந்து தண்டைத் தடவினாள். சுற்றிலும் வரிவரியாகக் கோடு. ஒவ்வொரு கோட்டிலும் விரல் நகம் இறங்கியது. மூன்றே நாளில் இவ்வளவு.

"புஷ்ஷுன்னா என்னம்மா? தான் தேஞ்சு ஷாஃப்ட்ட காப்பாத்தணும். உன்னுது ஷாஃப்ட்ட மென்னு தின்னுட்டு தான் மட்டும் குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கு. போன தடவ வெந்து ஊதிப்போன இட்லி. இந்தத் தடவ அரம். அடுத்த தடவ என்ன, அருவாளா?"

"இன்னும் ஒரு தடவ இருக்குல்ல சார்?"

"இருக்கு. மேனேஜர் மூணு தடவன்னு சொல்லிட்டாரு, நான் மாத்த முடியாது. ஆனா மூணாவதும் போச்சுன்னா இந்தப் புளியமரத்துக்குக் கீழ உன்ன நான் பாக்கக் கூடாது."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். தண்டு அங்கேயே கிடந்தது. செங்கமலம் அதைச் சாக்கில் சுற்றி இடுப்பில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். தண்டும் தேவைப்படும் என்று அவளுக்கு அப்போதே தோன்றிவிட்டது.

அது எண்பத்து நாலாம் வருஷம், சித்திரை மாதம். அரியலூருக்கு வெளியே இருந்த அந்த சிமெண்ட் மில் ரொம்பச் சின்னது. அரைத்த சிமெண்டை மில்லிலிருந்து சேமிப்புத் தொட்டிக்கு ஒரு நீண்ட இரும்பு வாய்க்கால் கொண்டுபோகும்; கன்வேயர் என்பார்கள். வாய்க்காலுக்குள் ராட்சசத் திருகாணி ஒன்று படுத்த வாக்கில் சுற்றிச் சுற்றி மாவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அவ்வளவு நீளத் திருகாணி நடுவில் தொய்ந்துவிடாமல் இருக்க, அங்கங்கே மேலிருந்து தொங்கும் வளையங்கள் அதன் தண்டைத் தாங்கிப் பிடிக்கும்; மில்லில் அதற்குப் பெயர் தொங்கல். அந்த வளையத்துக்கு உள்ளே இருக்கும் உறைதான் புஷ். வெண்கலத்தில் போட்டிருந்தார்கள். நடுவளையம் மாவுக்குள்ளேயே கிடப்பதால் அந்த புஷ் ஐந்து நாள் தாங்கினால் பெரிது. தேய்ந்ததும் மில்லை நிறுத்துவார்கள். யாராவது வாய்க்காலுக்குள் இறங்கி மாற்ற வேண்டும்.

அந்த யாராவது, செங்கமலத்தின் புருஷன் பழனிவேல்.

அரைபட்டு வரும் சிமெண்ட் சுடுசோறு மாதிரி இருக்கும். வாய்க்கால் ஆறுகிறவரைக்கும் யாரும் காத்திருக்க மாட்டார்கள். அரை மணியில் "எறங்குடா" என்பார்கள். இந்த வேலைக்கு மாற்றிய இரண்டு வருஷத்தில் பழனிவேலின் இரண்டு கைகளிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வளையல் அடுக்கினாற்போல தழும்பு. மாசி மாதம் ஒரு தடவை தோல் பிரிந்து, பதினைந்து நாள் அவனுக்கு அவள்தான் சோறு ஊட்டினாள். அந்தப் பதினைந்து நாளில் ஒருநாள் அவள் சொன்னாள்: "மாமா, நீ இனிமே அதுக்குள்ள எறங்கக் கூடாது."

"நான் எறங்கலன்னா உங்கப்பனா எறங்குவாரு?"

"யாருமே எறங்காத மாதிரி ஒரு புஷ்ஷு நான் பண்றேன்."

அவன் சிரித்தான். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெரம்பலூரில் அரியமுத்துவின் ஷெட்டில் நான்கு வருஷமாகக் கை மோல்டிங் மிஷினில் வேலை அவளுக்கு. மணிமணியான பிளாஸ்டிக்கை மேலே கொட்டி, உருகியதும் நெம்புகோலை இழுத்து அச்சுக்குள் தள்ளினால் கீழே சோப்பு டப்பாவோ சீப்போ விழும். மாவுமில்காரர் ஒருவருக்கு நைலானில் சின்ன புஷ் அடித்துக் கொடுத்தாள்; அது ஒரு வருஷம் ஓடியது. மாவுமில்லில் ஓடுவது சிமெண்ட் மில்லில் ஓடாதா என்ன?

ஓடவில்லை. முதல் புஷ் வெறும் வெள்ளை நைலான். ஒன்பதே மணி நேரம். உரசலில் பிறந்த சூடு வெளியேற வழியில்லாமல் நைலானுக்குள்ளேயே தங்கி, அது ஊதி, தண்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. இரண்டாவதில் சுண்ணாம்புக்கல் பொடி சேர்த்தாள். அரியமுத்து சீப்பு விறைப்பாக நிற்பதற்குச் சாக்பீஸ் பொடி சேர்ப்பதை அவள் தினமும் பார்க்கிறவள். அரியலூரில் பிறந்துவிட்டு சுண்ணாம்புக்கல்லுக்கு வேறு ஊர் போவாளா? மில்லிலேயே ஒரு டப்பா அள்ளிவரப் பழனிவேலிடம் சொல்லிக் கலந்தாள். புஷ் விறைத்தது, ஊதவில்லை. ஆனால் தண்டு போயிற்று.

அன்று சாயங்காலம் பழனிவேல் அந்த வரி விழுந்த தண்டைப் பார்த்துவிட்டு, ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். அதில் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"திட்டேன் மாமா. ஃபோர்மேன் திட்டிட்டாரு, நீயும் திட்டிரு. ஒரே நாள்ல முடிஞ்சிரும்."

"எதுக்குத் திட்டணும்? நம்ம ஊருக் கல்லு அப்புடி. தோண்டுனா சங்கும் வரும், கிளிஞ்சலும் வரும், மணலும் வரும். ஒருகாலத்துல கடலுங்கறாங்க."

"மணலு வருமா?"

"வராம?"

செங்கமலம் எழுந்தாள். மீதியிருந்த பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். கிறீச். கண்ணாடியில் பூனை பிறாண்டிய மாதிரி கோடு. வெறும் சாக்பீஸ் பொடியைத் தேய்த்தாள். கோடு இல்லை.

"கண்டுபுடிச்சிட்டேன்! கல்லு இல்ல மாமா, கல்லுக்குள்ள இருக்கற மணலுதான் திருடன்!" என்று அவள் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

தப்பு எதுவென்று தெரிந்தது. சரி எதுவென்று தெரியவில்லை. அது அவளுக்குத் தெரிந்தது வழுக்கி விழுந்ததால்.

அரியமுத்துவின் ஷெட்டுக்கு அடுத்தது ஒரு வார்ப்படப் பட்டறை. கிணற்று ராட்டினம், ஏர்க்கொழு, பித்தளைக் குழாய் எல்லாம் வார்ப்பார்கள். வார்த்தது அச்சில் ஒட்டாமல் இருக்க, கருகருவென்று கிராபைட் பொடி தூவுவார்கள். ஒரு மத்தியானம் தண்ணீர் பிடிக்கப் போன செங்கமலம், அந்தப் பொடி சிந்தியிருந்த சிமெண்ட் தரையில் கால் வைத்தாள். கால் முன்னால் போயிற்று, அவள் பின்னால் போனாள், குடம் எங்கேயோ போயிற்று. பட்டறையே சிரித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கறுப்பான இரண்டு விரலை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலுக்கு நடுவில் ஒன்றுமே இல்லாத மாதிரி வழுக்கியது.

"அடி கிடி பட்டுருச்சா?" என்றார் பட்டறைக்காரர்.

"அண்ணே, இதுல ஒரு டப்பா தாங்க. அந்த லேத்துக்குக் கீழ கெடக்குற பித்தளத் தூளும் தாங்க."

"விழுந்ததுக்கு நஷ்டஈடா?"

"அப்புடித்தான் வச்சுக்கங்க!"

பித்தளை கேட்டதற்குக் காரணம் இருந்தது. வழுக்கினால் மட்டும் போதாது. பிறக்கிற சூடும் வெளியே போக வேண்டும். பிளாஸ்டிக் சூட்டை விடாது, பித்தளைச் சொம்போ அடுப்பில் வைத்த நிமிஷமே கையைச் சுடும்.

வேலை முடிந்ததும் மிஷினைக் கேட்டபோது அரியமுத்து தலையில் கை வைத்தார். "ஏம்மா, மிஷினுக்குள்ள கரியப் போட்டா நாளைக்கு என் சோப்பு டப்பா எல்லாம் காக்கா கலர்ல விழுமே?"

"கறுப்பு சீப்பு அடிப்போம் சார். நரைய மறைக்கற சீப்புன்னு சொல்லி வித்துருங்க."

"நீ என்னையே விப்ப போ." சாவியைக் கொடுத்துவிட்டார்.

நைலான் மணிகளைத் தகரத்தில் பரப்பிச் சித்திரை வெயிலில் காயப்போட்டாள், ஈரம் இருந்தால் உள்ளே குமிழ் விழும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பிசறினாள், பொடி மணியில் ஒட்டிக்கொள்ள. விதவிதமான கணக்கில் சின்னச் சின்ன வில்லைகளாக அடித்தாள். வெறும் நைலான், கிராபைட் மட்டும், பித்தளை மட்டும், இரண்டும் சேர்ந்தது, இரண்டும் அளவுக்கு மேல் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பழனிவேல் தோசை கேட்டான். தோசைக்கல்லில் தோசை இல்லை. ஐந்து வில்லைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு துளி மெழுகு. ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போன பக்கத்து வீட்டு இருசம்மாள் வாங்கிவந்த மெழுகுவர்த்தி.

"இது என்ன புள்ள, சடங்கா?"

"பேசாம பாரு மாமா. அடுப்பு கம்மியாத்தான் எரியுது. எதோட மெழுகு மொதல்ல உருகுதோ அதுதான் சூட்ட வேகமா கடத்துது."

இரண்டும் அளவுக்கு மேல் சேர்ந்ததன் மெழுகு முதலில் உருகியது. இரண்டும் சேர்ந்தது அதன் பின்னாலேயே. வெறும் நைலான் மேல் மெழுகு கடைசிவரைக்கும் மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தது. பசியோடு இருந்த பழனிவேலே கைதட்டிவிட்டான்.

அடுத்து உரசல். ஃபோர்மேன் போட்டுவிட்டுப் போன தண்டிலிருந்து கோடு விழாத ஒரு துண்டை பட்டறைக்காரர் துளைபோடும் மிஷினில் மாட்டிக்கொடுத்தார். வில்லையை அதன்மேல் சாய்த்து, கம்பியில் இரண்டு செங்கல் தொங்கவிட்டு, ஒரு மணி நேரம் சுற்றவிட்டாள். வெறும் நைலான் கை வைக்க முடியாதபடி சுட்டது. கிராபைட் மட்டும் சேர்ந்தது முனகவில்லை, ஆனால் மெல்ல மெல்லச் சூடேறியது. பித்தளை மட்டும் சேர்ந்தது சூடு ஏறவில்லை, ஆனால் முனகியது. அளவுக்கு மேல் சேர்ந்தது பிஸ்கட் மாதிரி உடைந்து விழுந்தது, பொடிகளைச் சேர்த்துப் பிடிக்க நைலான் போதவில்லை. கிராபைட்டும் பித்தளையும் அளவாகச் சேர்ந்த வில்லை மட்டும் சத்தமே போடவில்லை. மணி முடிந்து பார்த்தால் தண்டின் மேல் கண்மை தீற்றியது போல மெல்லிய கறுப்புப் பூச்சு. கிராபைட் தானே போய்த் தண்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. இனிமேல் உரசுவது நைலானும் இரும்பும் இல்லை. வழுக்கலும் வழுக்கலும்.

அந்தக் கணக்கில் புஷ் அடித்தாள். பித்தளை கனமாயிற்றே, கீழே தங்கிவிட்டது. ஒரு பாதி கனம், ஒரு பாதி லேசு. உடைத்தாள், சம்மட்டியால் நொறுக்கித் திரும்ப உருக்கி அடித்தாள். மறுபடியும் உடைத்தாள். மூன்றாம் தடவை சீராக வந்தது. ஆறினால் சுருங்கும், சூட்டில் ஊதும் என்பதால் உள்வட்டத்தில் ஒரு சிகரெட் அட்டை கனத்துக்கு இடமும் விட்டாள்.

மேனேஜர் கறுத்துப் பளபளத்த அந்த புஷ்ஷை உருட்டிப் பார்த்தார். "ஒரு மாசம் ஓடணும். நடுவுல புஷ்ஷுக்காக ஒரு நிமிஷம் கன்வேயர நிறுத்துனாலும் டிரையல் முடிஞ்சுது. சம்மதமா?"

"சம்மதம் சார். ஒண்ணே ஒண்ணு. இதுக்கு கிரீஸ் வேணாம். காஞ்சே ஓடும்."

"கிரீஸ் வேணாமா!" என்று வீரமுத்து கையை விரித்தார். "கேட்டியாடா பழனி, உம் பொண்டாட்டி எண்ணெய் இல்லாமலே பணியாரம் சுடுவா போலருக்கு."

திங்கட்கிழமை மாட்டினார்கள். செவ்வாய் ஓடியது. புதன் ஓடியது. வியாழன் பழனிவேல் வந்து சொன்னான்: "தொங்கலுக்கு மேல கை வச்சேன் புள்ள. எடுக்கத் தோணல. அவ்வளவு இதமா இருக்கு."

வெள்ளிக்கிழமை அவன் இன்னும் குஷியாக வந்தான். கையைக் கழுவிக்கொண்டே, "உன் புஷ்ஷ நான் கண்ணாட்டம் பாத்துக்கறேன். இன்னிக்கு ரெண்டு பம்ப்பு சேத்தே அடிச்சேன்" என்றான்.

செங்கமலத்தின் கையிலிருந்த கரண்டி நின்றது. "என்ன அடிச்ச?"

"கிரீஸு."

அந்த மில்லில் வெள்ளிக்கிழமை என்றால் நாலு மணிக்குப் பூஜை. பூஜைக்கு முன்னால் மில்லில் இருக்கிற ஒவ்வொரு கிரீஸ் துளைக்கும் கிரீஸ் போய்ச் சேர வேண்டும். எண்ணெய் ஊற்றாமல் விளக்கேற்றுவார்களா? அது அவர்களுக்கு அப்படி. அந்த மில்லில் மொத்தம் ஏழு வருஷமாக வேலைபார்த்த பழனிவேலின் கை, வெள்ளிக்கிழமை ஆனால் தன்னாலேயே கிரீஸ் கன்னைத் தேடும்.

"கிரீஸ் வேணாம்னு சொன்னேன்ல?"

"நீ செலவு மிச்சம்னு சொல்றேன்னு நெனச்சேன். நாள் கெழமையும் அதுவுமா அது ஒண்ண மட்டும் காய வச்சா நல்லாருக்குமா?"

"மாமா! மாவு இருக்கற எடத்துல கிரீஸ் இருந்தா மாவு ஒட்டும். கிரீஸும் சிமெண்டும் சேந்தா அது கிரீஸ் இல்ல, உப்புத்தாளு! உள்ள வச்சு ராவிக்கிட்டே இருக்கும். காஞ்சு இருந்தா தூசி வந்த வழியே வெளிய போயிரும்."

பழனிவேலின் முகம் செத்துப்போயிற்று. நிறுத்தித் துடைக்கலாம் என்றால் நிறுத்தின நிமிஷம் டிரையல் முடிந்தது. நிறுத்தாவிட்டால் ஒரு வாரத்தில் தண்டில் கோடு. தன் கையாலேயே தன் கைக்கு வைத்துக்கொண்டானே சூடு!

அவள் கரண்டியைக் கீழே வைத்து அடுப்பை அணைத்தாள். பிறகு திரும்பினாள். "கரண்டு எப்ப போவுது?"

"தெனம் பத்து மணிக்கு. பன்னெண்டுக்கு வரும்."

"அப்ப நம்ம எங்க நிறுத்துறோம்? கரண்டு ஆபீஸ் நிறுத்துது!"

சனிக்கிழமை அவள் பெரம்பலூர் பஸ் ஏறவில்லை. பத்து மணிக்கு மில் மூச்சடங்கியதும் வாட்ச்மேனிடம் சோற்றுத் தூக்கைக் காட்டிவிட்டு உள்ளே போனாள். தூக்கில் இருந்தது மண்ணெண்ணெயில் நனைத்த துணி. பழனிவேல் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூடியைத் திறந்து இறங்கப் போனான். அவள் அவன் தோளைப் பிடித்தாள்.

"நீ எறங்கக் கூடாதுன்னு சொல்லித்தானே இந்தக் கூத்தே ஆரம்பிச்சேன்? நவுரு. எனக்கு ஒடம்பு சின்னது."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். சூடு முகத்தில் அறைந்தது. இரும்பு பட்ட இடமெல்லாம் சுரீர் என்றது. இதற்குள்ளா இந்த மனுஷன் இரண்டு வருஷம் படுத்தான்? மேலிருந்து அவன் கடப்பாறையால் தண்டை நெம்பிப் பிடிக்க, அவள் போல்ட்டைக் கழற்றி வளையத்தின் கீழ்ப்பாதியை எடுத்தாள். சாம்பல் நிறத்தில் களி. விரலால் நசுக்கினால் நறநற. துடைத்தாள், துடைத்தாள், மண்ணெண்ணெயில் துடைத்தாள், பிறகு உலர்ந்த துணியால் துடைத்தாள். கறுப்புப் பூச்சில் மயிரிழைக் கோடுகள் விழுந்திருந்தன. பூச்சுக்குக் கீழே இரும்பு பத்திரமாக இருந்தது.

அப்போது வெளியே வீரமுத்துவின் குரல். "டேய் பழனி, வாய்க்காலுக்கு வெளிய ரெண்டு காலு தெரியுதே, யாரு காலுடா அது? கொலுசெல்லாம் போட்டுருக்கு!"

செங்கமலம் உள்ளிருந்தே சத்தம் போட்டாள். "நான்தான் சார்! கிரீஸத் தொடைக்கிறேன்."

"நிறுத்துனா டிரையல் முடிஞ்சுதுன்னு மேனேஜர் சொன்னாருல்ல?"

"நாங்க ஒரு நிமிஷம்கூட நிறுத்தல சார். கரண்டு வந்ததும் எப்பவும் போல ஓடும். அதுக்குள்ள தொடைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

வீரமுத்து தாடையைச் சொறிந்தார். சட்டம் இல்லை. அதற்குள் அவள் தலையை வெளியே நீட்டினாள். முகம் முழுக்கச் சிமெண்ட், புருவம்கூட வெள்ளை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தச் சூட்டுல எவ்வளவு நேரம்மா கெடந்த?"

"நீங்க எறங்கிப் பாருங்க சார். அப்பதான் நான் எதுக்கு இத்தன தடவ வந்து நிக்கிறேன்னு தெரியும்."

அவர் வந்து பழனிவேலோடு சேர்ந்து கடப்பாறையைப் பிடித்தார்.

ஏறிவருவதற்கு முன் அவள் ஒரு வேலை செய்தாள். கிரீஸ் துளையின் மூக்கைக் கழற்றிவிட்டு, அதே கறுப்பு நைலானில் செதுக்கி வைத்திருந்த ஒரு முளையை அதில் அடித்து இறக்கினாள். இனி எந்த வெள்ளிக்கிழமை எந்தக் கை வந்தாலும் உள்ளே போக முடியாது.

ஃபியூஸைத் திரும்ப மாட்டி முடித்தார்கள், பன்னிரண்டு மணிக்குக் கரண்டு வந்தது. கன்வேயர் ஓடியது.

முதல் வாரம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. வெண்கலமாக இருந்திருந்தால் இந்நேரம் மூன்று தடவை இறங்கியிருப்பான் பழனிவேல். மூன்றாவது வாரத்தில் மில் ஆட்கள் வேலைக்கு வந்ததும் முதல் கேள்வியாக "ஓடுதா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஓடியது. நாலாவது வாரம், முளை அடித்த தொங்கலைத் தாண்டும்போதெல்லாம் வீரமுத்து அதில் கை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போலப் போனார்.

முப்பத்தோராம் நாள் மேனேஜர் முன்னால் பிரித்தார்கள். வீரமுத்துவே அளவுக் கருவியை எடுத்தார். ஒரு தடவை அளந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை அளந்தார்.

"என்னய்யா?" என்றார் மேனேஜர்.

"தேஞ்சது கால் மில்லி சார். வெங்கலம் அஞ்சு நாள்ல மூணு மில்லி போவும்."

"ஷாஃப்ட்டு?"

வீரமுத்து தண்டைத் துணியால் ஒரு தடவை துடைத்துத் திருப்பிக் காட்டினார். கறுப்புக் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு கோடு இல்லை. மேனேஜரின் மூக்கு அதில் தெரிந்தது.

யாரோ விசில் அடித்தார்கள். பழனிவேல் தன் பொண்டாட்டியை ஊரே பார்க்கத் தூக்கிச் சுற்றியிருப்பான், அவள் முழங்கையால் இடித்ததால் விட்டான். மேனேஜர் எல்லாத் தொங்கலுக்கும் அதே புஷ் வேண்டும் என்று அங்கேயே சொன்னார். அரியமுத்து சேதி கேட்டு, இனிமேல் கரி போடுவதற்கென்றே தனியாக ஒரு மிஷின் வாங்கப்போவதாகவும், அதை ஓட்டப்போவது செங்கமலம்தான் என்றும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கொண்டு போனார்.

ஆனி மாதத்தில் எட்டுத் தொங்கலுக்கும் கறுப்பு புஷ் ஏறியது. எட்டுத் துளையிலும் முளை. கடைசி புஷ்ஷை மாட்டிய அன்று வெள்ளிக்கிழமை. செங்கமலம் பூஜைக்கு நின்றாள். பழனிவேல் முழுக்கைச் சட்டையைச் சுருட்டி விட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான். கையில் பழைய தழும்புதான் இருந்தது, புதிதாக ஒன்றும் இல்லை.

வீரமுத்து ஒரு கையில் கிரீஸ் கன்னும் ஒரு கையில் சூடத்தட்டுமாக வரிசையாக வந்தார். மோட்டாருக்கு ஒரு பம்ப், சூடம். கியர் பெட்டிக்கு ஒரு பம்ப், சூடம். கன்வேயர் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். துளையைப் பார்த்தார். முளையைப் பார்த்தார். கையிலிருந்த கிரீஸ் கன்னைப் பார்த்தார்.

"ஏம்மா செங்கமலம், நாள் கெழமையும் அதுவுமா இதுக்கு நான் என்னதான் பண்றது?"

"சூடத்த மட்டும் காட்டுங்க சார். அது வேற ஒண்ணும் கேக்காது."